இரண்டு முறை கொதித்த தண்ணீர்

இப்போதெல்லாம் யாரும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்குவதில்லை. ஒரு சாமானை நீட்டினால் "அங்க வச்சிடுங்க" என்று மேஜையைக் காட்டுகிறார்கள். வைத்துவிட்டு நாம் நகர்ந்த பிறகுதான் வந்து எடுக்கிறார்கள். கடைக்காரன் மீதிச் சில்லறையைத் தட்டில் போட்டுத் தள்ளுகிறான். மகன் வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கக் கையை நீட்டினால், மருமகள் குறுக்கே வந்து ஒரு பாட்டிலை நீட்டுகிறாள், முதலில் இதைத் தேய்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று. கை என்றால் என்னவோ சாக்கடையிலிருந்து எடுத்து ஒட்ட வைத்த மாதிரி. குக்கர்காரருக்கு இதையெல்லாம் நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவர் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கையால் பிழைத்தவர்.

அவர் வேலை ஆராய்ச்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்கம். ஜன்னல் இல்லாத அறை. ஒரு சுவர் முழுக்கக் கழுவும் தொட்டி, எதிர்ச்சுவரில் காயவைக்கும் அடுப்பு, நடுவில் ஆளுயரத்துக்கு எஃகுப் பீப்பாய் ஒன்று, கதவில் பெரிய சக்கரத்தோடு. அதன் பெயர் ஆட்டோகிளேவ். அவர் வாயில் அது நுழையவில்லை, குக்கர் என்றார். நாளடைவில் அந்தப் பெயர் அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. மாடியில் படித்த பிள்ளைகள் கிருமி வளர்த்த குடுவைகளைக் கீழே அனுப்புவார்கள். அவர் குக்கரில் ஏற்றி, நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, கழுவி, காயவைத்து மேலே அனுப்புவார். அழுத்தமானியின் முள்ளைப் பார்க்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவருக்குத் தரவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சக்கரத்தைத் தட்டிக் காட்டி ஒன்றே ஒன்று சொல்வார்: உள்ளே போனது எதுவும் உயிரோடு வெளியே வராது. தானே ஒவ்வொன்றின் கழுத்தையும் நெரித்த மாதிரி சொல்வார்.

மாடிக்கு ஆராய்ச்சி செய்ய அந்தப் பெண் வந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி போயிற்று.

அவளுக்கு அவர் வைத்த பெயர் சிவப்பு டேப். தன் பாட்டில்களை எல்லாரையும் போல அனுப்ப மாட்டாள். வெள்ளித்தாள் சுற்றி, காயவைக்கும் அடுப்பில் இரவெல்லாம் கடும் சூட்டில் வைத்து, மேலே சிவப்பு டேப் ஒட்டி எடுத்துப் போவாள். போதாததற்கு அவர் அறையிலேயே, அவர் அலமாரியிலேயே, ஒரு படம் ஒட்டினாள். விரித்த கை ஒன்று, அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "என்ன குக்கரு, உன் கைய வெட்டிப் படம் போட்டுட்டாங்க போல. அடுத்தது தலையா?"

அந்த அம்மாளுக்கு முன்னால் சிரித்து வைத்தார். ஆனால் உள்ளே இறங்கிவிட்டது.

ஒருநாள் குக்கரில் அழுத்தம் இறங்கக் காத்துக்கொண்டு சிவப்பு டேப் அங்கே உட்கார்ந்திருந்தபோது, அவர் நேராகவே கேட்டார், அப்படி என் கையில் என்னம்மா இருக்கிறது என்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

கிருமிக்குள்ளே என்னென்ன செய்யவேண்டும் என்ற உத்தரவெல்லாம் டி.என்.ஏ. என்ற ஒரே நீள இழையில் எழுதியிருக்கிறதாம். ஒரு வேலை நடக்கவேண்டுமானால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்புமாம். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அதைப் படித்துப் புரதம் செய்ய உள்ளே ஓர் இயந்திரம் மாதிரி இருக்கிறதாம். இது வரைக்கும் அவருக்கு ஏறியது. ஆனால் இன்னொரு வகை ஆர்.என்.ஏ.வும் உண்டாம். துண்டு துக்காணி. அதைப் படித்து யாரும் எந்தப் புரதமும் செய்வதில்லை. கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போகும் நேரத்தில் அந்தச் சின்னத் துண்டுகள் கிளம்பும். இரும்பைச் செலவழிக்கிற புரதங்களுக்கான நகல்கள் எங்கே என்று போய், எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் வந்து உட்காரவேண்டிய இடமே அதுதான். இடம் போயிற்று, வேலை நின்றது. பிறகு வெட்டுகிற நொதி ஒன்று வந்து நகலையும் துண்டையும் சேர்த்தே நறுக்கிவிடும். மிச்சமாகிற இரும்பு, கிருமி உயிர் பிழைக்க முக்கியமான காரியங்களுக்குப் போகும். இப்படிப்பட்ட துண்டுகள் பல ஏற்கெனவே தெரிந்தவைதானாம். இவள் கண்டுபிடித்தது யாரும் இதுவரை சொல்லாத ஒன்றாம்.

"தானும் ஒண்ணும் செய்யாது, செய்யறவனையும் செய்ய விடாது" என்றார் குக்கர்காரர். "எங்க ஆபீஸ் ரூம்ல ஒருத்தன் அப்படியே இருக்கான். அவனையும் கண்டுபிடிச்சு எழுதும்மா."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவருக்கு அவளைப் பிடித்துக்கூடப் போயிற்று. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஆர்.என்.ஏ.வை வெட்டுகிற நொதி கிருமிக்குள் மட்டும் இல்லை, நம் எல்லார் தோலிலும் இருக்கிறது, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது என்றாள். விரல் பட்ட தண்ணீரில் போட்டால் தன் சின்னத் துண்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்றாள். சரி, குக்கரில் வைத்து எடுத்தால் செத்துப் போகிறது என்று அவர் சொன்னதற்கு, தலையை ஆட்டினாள். அது உயிருள்ள சாமான் இல்லை என்பதால் சாகவும் செய்யாது. சூட்டில் சுருள் பிரியும், ஆறினதும் பழையபடி சுருட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும். "உங்க குக்கர் அதுக்குப் பத்தாதுங்க ஐயா" என்று முடித்தாள்.

கையைச் சொன்னாள், பொறுத்தார். குக்கரையும் சொன்னாள். அன்றைக்கு அவர் முடிவு செய்துவிட்டார், இது படிப்பு இல்லை, திமிர் என்று. தொட்டால் கெட்டுப்போகும் என்று ஆளைத் தள்ளி வைக்க ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொல்லிக் கேட்டவர் அவர். இவள் சொன்னது கொஞ்சம் நீளமான காரணம், அவ்வளவுதான்.

மாடியில் சிவப்பு டேப்பின் நிலைமையும் சரியில்லை. அவளுடைய துண்டு ஒரு கறுப்புக் கோடாகத் தெரியுமாம். கிருமியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லி மாதிரியான கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, ஒரு சவ்வில் ஏற்றிப் பார்த்தால் அந்தக் கோடு விழும். அவள் செய்தால் விழுகிறது. அதே அறையில் வேலை செய்கிற நெட்டையன் செய்தால் விழுவதில்லை. நெட்டையன் தொலைபேசியைத் தடவிய கையோடு எல்லாவற்றையும் தொடுகிறவன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவரான பெரிய சார் கேட்கவில்லை. ஒருத்தி கைக்கு மட்டும் தெரிகிற கோட்டை எப்படி நம்புவது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நெட்டையன் அவருக்கு வேண்டியவனும்கூட. கடைசியில் ஒரு கெடு வைத்தார்: தன் கண் முன்னால் ஆரம்பத்திலிருந்து ஒரே ஒருமுறை செய்து காட்டவேண்டும். கோடு விழுந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும், அவளுக்குப் பட்டம். விழாவிட்டால் இடத்தைக் காலி செய்யவேண்டியதுதான். வேறு எங்கும் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிற வயதை அவள் தாண்டிவிட்டாள். இது கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம், துடைப்பக்கார அம்மாள்வரை.

எல்லாவற்றையும் சார் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரை மட்டும் முந்தின நாளே தயார் செய்யவேண்டும். ஏதோ மருந்தைக் கலந்து இரவெல்லாம் வைத்திருந்து, நொதி எல்லாவற்றையும் அந்த மருந்தால் முறித்து, பிறகு குக்கரில் ஏற்றினால் மருந்தும் போய்விடும். மிஞ்சுவது சுத்தமான தண்ணீர். அகல வாய்ப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி அவளே கொண்டுவந்தாள். கையில் ஊதா நிறக் கையுறை.

"ஐயா, ஏத்திட்டு அப்படியே விட்டுடுங்க. மூடியத் தொட வேண்டாம். நீங்க எடுத்துத் தரவும் வேண்டாம், நானே வந்து எடுத்துக்கறேன்."

துடைப்பக்கார அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அது போதுமே.

குக்கர்காரர் பாட்டிலை ஏற்றினார். முள் ஏறி, நின்று, இறங்கியது. சக்கரத்தைத் திருப்பித் திறந்தார். ஆற விட்டார். பிறகு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வலது கை விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார். சும்மா நனைக்கவில்லை. வெந்நீர்ப் பதம் பார்க்கிறவர் மாதிரி நன்றாகக் கலக்கினார். எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

அவர் மனசில் கெடுதல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் தோற்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவள் ஜெயிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். கோடு விழவேண்டும், சார் கைகொடுக்க வேண்டும், எல்லாரும் கூடி நிற்கவேண்டும். அப்போது நடுவில் போய்ச் சொல்லவேண்டும், அந்தத் தண்ணீரில் என் கை இருந்தது என்று. அவள் முகம் போகிற போக்கை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அவர் பொறுப்பானவர். விரலில் ஏதாவது இருந்து தொலைத்திருந்தால்? அதற்கும் வழி கையில் இருந்தது. மூடியைத் தளர்வாகப் போட்டு, பாட்டிலை மறுபடியும் குக்கரில் ஏற்றி, சக்கரத்தை இறுக்கினார்.

செய்து காட்டும் வேலை சில நாள் நடந்தது. முடிவு தெரிகிற அன்று அவர் காலிக் குடுவை எடுக்கிற சாக்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனார். வாசலோடு நின்றார்.

கோடு இல்லை. சவ்வில் புகை பிடித்த சுவர் மாதிரி ஒரு மங்கல், மேலிருந்து கீழ்வரை. அவ்வளவுதான். சிவப்பு டேப் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது ஆர்.என்.ஏ. சிதைந்ததன் அடையாளம், துண்டு இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை, தண்ணீரில் ஏதோ பட்டிருக்கிறது, இன்னொரு முறை அனுமதித்தால் போதும் என்று கோர்வையாகத்தான் சொன்னாள். குரல்தான் எங்கோ போய் வந்தது.

பெரிய சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத்தனை வருஷமா கை, கைன்னு எல்லாரையும் விரட்டின. நானே என் லேப்ல கையக் கட்டிக்கிட்டு நடந்தேன். இன்னிக்கு யாரு கை? என்னோடதா?"

நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கக் குனிந்தான்.

தண்ணீர் கீழே குக்கர் அறையில் இருந்ததை அவள் சொன்னாள். வாசலில் நின்றவரைச் சார் விரலால் கூப்பிட்டார். அவர் தொட்டதாகச் சொன்னால் இவளுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், இல்லை என்றால் பேச்சே கிடையாது என்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு கேட்டார்.

குக்கர்காரர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் ஆமாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? என் கை பட்டதால்தான் நாசமாயிற்று என்று அர்த்தம். அலமாரியில் ஒட்டிய படம் சரிதான் என்று அர்த்தம். இத்தனை பேர் நடுவில் தன் கையைத் தானே அசிங்கம் என்று சொல்லிக்கொள்வதா?

"நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன் சார். ஒண்ணுக்கு ரெண்டு தடவை."

சிவப்பு டேப் சட்டென்று திரும்பினாள். "ரெண்டாவது தடவை ஏன் ஐயா?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தபோதே அவருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று. ஆனால் சார் எழுந்துவிட்டார். மேஜையைக் காலி பண்ணச் சொல்லி நெட்டையனுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மிச்சத் தண்ணீர் இருந்தால் நிரூபித்துவிடலாம். நல்ல ஆர்.என்.ஏ.வை அதில் கலந்து பார்த்தால் நாசமாவது தெரிந்துவிடும். அவள் அந்த எண்ணத்தோடு கீழே ஓடி வருவதற்குள், நெட்டையன் அள்ளிப் போட்ட கூடை குக்கர்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது. அதில் அந்தப் பாட்டில்தான் முதலில் கண்ணில் பட்டது. வழக்கமாகக் கூடை மத்தியானம்வரை கிடக்கும். அன்றைக்கு அவர் உடனே கழுவ உட்கார்ந்தார். அழுக்குச் சாமான் கிடக்கக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டு, தூரிகையால் அடிவரை தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

அவள் கவிழ்ந்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு ஊதாக் கையுறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். நாள் முழுக்க உள்ளே வெந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்த கைகள். ஈரம் பிசுபிசுக்க அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை அழுக்குன்னு நான் சொல்லல. என் கையிலயும் அதேதான் இருக்கு. சார் கையிலயும்தான். தொட்டேன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். எனக்கு வேற வழியில்ல."

அவர் கையை உருவிக்கொண்டார்.

"இத்தனை நாள் தொடாத கை. வேலை ஆகணும்னா மட்டும் இனிக்குதா?"

குக்கரிலிருந்து ஆவி சீறி அடங்கியது. அவள் எழுந்து போனாள், கையுறையைத் தொட்டியோரம் விட்டுவிட்டு. அவர் அதைக் குச்சியால் எடுத்துக் குப்பையில் போட்டார்.

வீட்டில் மனைவி வீங்கிய காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்ததைத் தனக்கு ஏற்ற மாதிரி சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, தொட்டீர்களா இல்லையா என்று கேட்டாள். தொட்டால்தான் என்ன, குக்கரில் போட்டேனே என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்றாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருப்பது, பேசுவதைவிட எரிச்சலாக இருந்தது அவருக்கு.

சிவப்பு டேப் விடுதி அறையைக் காலி செய்தாள். எங்கே போனாள் என்று கட்டடத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் வேலை நெட்டையனுக்குப் போயிற்று. அலமாரியில் இருந்த படத்தைக் குக்கர்காரர் சுரண்டி எடுத்தார். பசை மட்டும் போகவில்லை.

சில மாதம் கழித்து நெட்டையன் பெரிய சாரோடு சேர்ந்து இனிப்பு வாங்கிக் கட்டடம் முழுக்கக் கொடுத்தான். கோடு விழுந்துவிட்டதாம். அவள் சொன்ன அதே இடத்தில், அவள் சொன்ன அதே அளவில். அவன் தனியாகத் தண்ணீர் செய்து, பூட்டி வைத்து, அவள் விட்டுப்போன பெட்டியிலிருந்தே கையுறை எடுத்துப் போட்டுச் செய்திருக்கிறான்.

மறுநாள் குக்கர் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றான். "தாத்தா, ஒரு விரல் கடன் குடுங்களேன். அவ கை, குக்கர்னு சொன்னது நிஜமான்னு பாத்துடலாம்."

அவர் கொடுத்தார். தன் கையில் ஒன்றும் இல்லை என்று இப்போதாவது எல்லாருக்கும் தெரியட்டும் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தார். அவன் இரண்டு சின்னக் குழாயில் தண்ணீர் வைத்திருந்தான். ஒன்றில் அவர் விரலை நனைத்தார். அந்தக் குழாயை அவரே குக்கரில் வைத்து, சக்கரத்தை இறுக்கி, முள் ஏறுவதைப் பார்த்து, அவரே எடுத்துக் கொடுத்தார். அவன் மாடிக்குக் கொண்டுபோய் இரண்டிலும் நல்ல ஆர்.என்.ஏ.வைக் கலந்து கூழ்ப் பலகையில் ஓடவிட்டான். அவரைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னான்.

வந்தபோது அறையை இருட்டாக்கி ஊதா வெளிச்சத்தைப் போட்டான். கை தொடாத தண்ணீர் ஓடிய பாதையில், சிதையாத ஆர்.என்.ஏ.வுக்கு அடையாளமான இரண்டு கோடு பளிச்சென்று நின்றது. பக்கத்துப் பாதையில் ஒன்றும் இல்லை. அடியில் கொஞ்சம் மங்கல், அன்றைக்குச் சவ்வில் பார்த்த அதே புகை.

"அப்ப அவ சொன்னது..." என்று ஆரம்பித்த நெட்டையன் முடிக்காமல் விட்டான்.

"இதை சார்கிட்ட காட்டுவியா?" என்று கேட்டார் குக்கர்காரர்.

அவன் வாசலை ஒரு பார்வை பார்த்தான். "கட்டுரையில இப்ப என் பேரு இருக்கு தாத்தா. நான் எதுக்குக் காட்டணும்? நீங்க எதுக்குச் சொல்லணும்?" கூழை வழித்துக் குப்பைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அவர் வண்டியிலேயே வைத்தான். "வேக வச்சிடுங்க."

விளக்கைப் போட்டான். குக்கர்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் வலது கையைப் பார்த்தார். காய்ப்பு, சோப்பில் வெடித்த தோல், அவ்வளவுதான். வேறு என்ன இருக்கிறது இதில்?

"நான் டீ குடிக்கப் போனேன்ல" என்றார். "அந்த நேரத்துல நீ என்னத்தக் கலந்தியோ, யாரு கண்டா."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நடைபாதையில் தள்ளிப் போனார், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவன் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே. எதிரே வந்த புதுப்பெண் ஒருத்தி ஒரு குடுவையை நீட்டப் போனவள், அவர் கையை நீட்டியதும், வண்டியிலேயே வைத்துவிட்டு ஒதுங்கினாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிற்காமல் நடந்தார்.